லிமசாவாவா, பூத்துவானா?

பாளையங்கோட்டை

அன்புள்ள சேவியர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. வலக்கண்ணில் புரை எடுத்திருந்ததால் படிக்கவும் எழுதவும் டாக்டர் தடை போட்டிருந்தார். தடை நீங்கியதும் முதல் வேலையாக இதை எழுதுகிறேன். தோஹாவில் உன்னோடு பாடற்குழுவில் இருக்கும் பிலிப்பைன்ஸ்காரர் இருவர் தங்கள் நாட்டின் முதல் பூசை நடந்தது லிமசாவா என்ற சிறு தீவிலா, மிந்தனாவோத் தீவின் பூத்துவானிலா என்பதற்காக மல்லுக்கு நின்றதை நீ எழுதியிருந்த விதத்தைப் படித்துச் சிரித்தேன். ஆனால் பூத்துவான்காரர் சொல்வது வெறும் ஊர்ப்பெருமை என்று நீ தள்ளிவிட்டதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அந்த நாடே அவர் பக்கம்தான் இருந்தது.

நாளில் சண்டை இல்லை: 1521 மார்ச் 31, உயிர்ப்பு ஞாயிறு. மகெல்லனுடன் கப்பலில் வந்த அந்தோனியோ பிகாபெட்டா எழுதிவைத்த குறிப்பில் அன்றைய காலை கண்முன் நிற்கிறது. ஐம்பது பேர் கவசம் இல்லாமல், வாளோடு, இருப்பதில் நல்ல உடையை உடுத்திக் கரையிறங்குகிறார்கள். இரு உள்ளூர் அரசர்கள்மேல் கஸ்தூரி மணக்கும் நீர் தெளிக்கப்படுகிறது. அவர்கள் சிலுவையை முத்தி செய்கிறார்கள், ஆனால் காணிக்கை போடவில்லை. குரு அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்ற வேளையில் கரையிலிருந்து துப்பாக்கியால் சைகை கிடைத்ததும் கப்பல்களின் பீரங்கிகள் முழங்குகின்றன. மாலையில் ஒரு குன்றின் உச்சியில் சிலுவை நடுகிறார்கள். இடத்தின் பெயரை அவர் மசாவா என்று எழுதினார். வழக்கு அங்கேதான் தொடங்குகிறது.

பிகாபெட்டாவின் மூலக் குறிப்பைப் பார்க்க வழியில்லாத காலத்தில், வெனிஸில் ரமூசியோ அச்சிட்ட சுருக்கப் பதிப்புதான் பலர் கைக்கும் கிடைத்தது. அந்தப் பதிப்பில் மசாவாவில் நடந்தவை பூத்துவானில் நடந்ததாகக் குழம்பிக் கிடந்தன. இயேசு சபையினரான கொலின் 1663-ல் வெளிவந்த தம் நூலில் மகெல்லனை முதலில் பூத்துவானுக்குக் கொண்டுபோய், லிமசாவாவை அடுத்து வந்து போன இடமாக்கினார்; கோம்பெஸ் 1667-ல் வெளிவந்த தம் நூலில் அவரை முதலில் லிமசாவாவில் இறக்கினாலும், சிலுவை நட்டது பூத்துவானில் என்றார். அவர்களைப் படித்தவர்கள் அவர்களையே எடுத்தெழுதினார்கள். 1872-ல் அகுசான் ஆற்றின் முகத்துவாரத்தருகே நினைவுத்தூணும் எழுந்துவிட்டது. பிகாபெட்டாவின் குறிப்பின் கையெழுத்துப் படி மிலான் நகரின் அம்புரோசிய நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டு, அமொரெத்தியின் பதிப்பாக 1800-லேயே வெளிவந்திருந்தும், பிழையைப் பிலிப்பைன்ஸில் உணர ஏறக்குறைய நூறாண்டு பிடித்தது. பாஸ்தெல்ஸ் என்ற இயேசு சபைக் குருதான் கொலினின் நூலை மறுபதிப்புச் செய்தபோது அடிக்குறிப்பில் திருத்தினார்.

நானும் முதலில் பாகைக் கணக்கை, அதாவது இடம் நிலநடுக்கோட்டுக்கு எவ்வளவு வடக்கே என்ற அளவை, வைத்தே இதைத் தீர்த்துவிடலாம் என்று நினைத்தேன். பிகாபெட்டா மசாவாவுக்கு ஒன்பதே முக்கால் பாகைக்குச் சற்றுக் குறைவாகத் தருகிறார்; அது லிமசாவாவுக்கு அருகில் வருகிறது. ஆனால் அதே பயணத்தில் வந்த கப்பலோட்டி அல்போவின் ஒன்பதே மூன்றிலொரு பாகை பூத்துவான் பக்கம் சாய்கிறது. அக்காலக் கருவிகளை நம்பி இருவரில் ஒருவரைப் பொய்யராக்க முடியாது.

என்னை மாற்றியது ஓர் ஆறு. பூத்துவான் என்றாலே அகுசான் ஆறு. மிந்தனாவோத் தீவின் பெரிய ஆறுகளில் ஒன்று. அந்த ஏழு நாள் தங்கலில் பிகாபெட்டா எதை விட்டார், சொல்? பெரிய வெள்ளியன்று அரசனின் விருந்தில் வேறு வழியின்றிப் பன்றி இறைச்சி தின்றதை எழுதினார். நெல் அறுவடைக்கு மாலுமிகள் உதவிக்குப் போக வேண்டியிருந்ததையும், குடித்து மயங்கிய அரசர்கள் எழுந்திராததால் முதல் நாள் அறுவடை கெட்டதையும் எழுதினார். பின்னர் மிந்தனாவோவின் வேறொரு கரையில் அரசனோடு ஆற்றுவழியே படகில் போனதையும் எழுதினார். அப்படிப்பட்டவர் ஒரு பேராற்றின் வாயில் ஒரு வாரம் இருந்துவிட்டு, அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் போவாரா? போதாததற்கு, இரண்டாம் அரசனின் நாடுதான் பூத்துவான் என்றும், இரு அரசர்களும் சந்திக்க விரும்பினால் 'நாங்கள் இருந்த அந்தத் தீவுக்கு' வேட்டையாட வருவார்கள் என்றும் அவரே பிரித்துச் சொல்கிறார். மிகுவேல் பெர்னாட் என்ற இயேசு சபை வரலாற்றாசிரியர் 1981-ல் இந்த ஆற்றுக் கேள்வியை எழுப்பினார். அதற்கு நேரான பதிலை நான் இன்னும் படிக்கவில்லை. 1565-ல் ஸ்பானியத் தளபதி லெகாஸ்பியின் ஆட்கள் மகெல்லன் தங்கிய மசாவாவைத் தேடி, பூத்துவானுக்கு அல்ல, லிமசாவாவுக்குத்தான் போனார்கள் என்பதும் சிறிய சாட்சியல்ல.

இடையே ஒரு வேடிக்கை. லிமசாவாவுக்கு அருகிலிருக்கும் லெய்த்தே பக்கத்துத் தீவைப் பிகாபெட்டா 'செய்லோன்' என்று எழுதுகிறார். முதல் தடவை படித்தபோது இவர்கள் இலங்கைக்கு எப்போது போனார்கள் என்று விழித்துக்கொண்டிருந்தேன்.

பூத்துவான் பக்கமும் வெறுங்கையோடு இல்லை. மகெல்லனோடு ஒருமுறையும், 1543-ஐ ஒட்டி இன்னொரு முறையும் அந்த இடத்துக்குப் போன கினெஸ் தெ மாப்ராவின் குறிப்பில் வரும் தீவு, லிமசாவாவைவிடப் பெரிது என்பார்கள். ஆற்று வண்டலால் கரையே மாறிவிட்டது, அன்று தீவாக இருந்தது இன்று நிலத்தோடு சேர்ந்துவிட்டது என்றும் வாதிடுவார்கள். 1976-ல் அங்கே மண்ணுக்கடியில் பழங்காலப் படகுகள் கிடைத்தன. பொன்னுக்கும் பஞ்சமில்லாத ஊர். பெரிய துறைமுகமாக இருந்தது என்பதற்கு இவை சாட்சி. பூசைக்கு அல்ல.

அரசும் சும்மா இருக்கவில்லை. 1960-லேயே லிமசாவாவைத் தேசியத் தலமாக்கும் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் 1998-ல் கங்காய்கோ குழு, 2008-ல் ஒரு குழு, 2020-ல் மொஹாரெஸ் குழு என்று மூன்று முறை விசாரித்து மூன்று முறையும் லிமசாவாவே என்றார்கள். இதில் எனக்குப் பிடித்தது கடைசிக் குழு சொன்ன மற்றொன்று: தீவு சரி, கரைதான் தவறு, பூசை கிழக்குக் கரையின் மகல்லானெஸில் அல்ல, மேற்குக் கரையின் திரியானாவில் நடந்திருக்கும். வென்றவர்களும் அறுபது ஆண்டுகளாகத் தங்கள் தீவிலேயே எதிர்ப்பக்கத்தில் விழா எடுத்துக்கொண்டிருந்தார்கள்! உன் லிமசாவாக்காரர் ரொம்பத் துள்ளினால் இதை மெதுவாகச் சொல்லிப் பார்.

பூத்துவான்காரரிடம் என் சார்பில் ஒன்று கேள். அந்த 1872 நினைவுத்தூண் இப்போது எந்த நிலையில் இருக்கிறது, அதில் என்ன பொறித்திருக்கிறது என்று தெரிந்தால் எழுதச் சொல். முடிந்தால் ஒரு படமும் அனுப்பச் சொல். எழுத்து பெரிதாகத் தெரியும்படி எடுக்கட்டும், என் கண் இன்னும் கொஞ்சம் கூசுகிறது.

அன்புடன்,
உன் அந்தோணி