ஃபைட்டர் மீன் கண்ணாடி முன் ஆடவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறை வந்தால் கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் பிள்ளைகள் முதலில் கை காட்டுவது பெரும்பாலும் ஃபைட்டர் மீனைத்தான். நிறம் பளிச்சென்று இருக்கும், விலையும் பையைக் கடிக்காது, ஒரு டம்ளர் தண்ணீரிலேயே இருந்துவிடும் என்று வேறு சொல்லிவிடுவார்கள். வீட்டுக்கு வந்த அன்று மாலையே எதிரில் முகம் பார்க்கும் கண்ணாடி வைக்கப்படும். மீன் செவுளை விரித்துச் சிலிர்க்கும். "ஆடுது பார்" என்று வீடே கைதட்டும். அந்த ஆட்டம் என்ன, அந்த டம்ளர் ஏன் ஆகாது என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

இந்த மீனின் ஊர் தாய்லாந்து. நெல் வயல், சதுப்பு, ஓடாத வாய்க்கால் இவைதான் வாசம். அங்கே 'பிளா கட்' என்பார்கள். கடிக்கும் மீன் என்று பொருள். பெட்டா ஸ்ப்ளென்டென்ஸ் என்ற அறிவியல் பெயர் 1910-ல் வந்தது. 2019-ல் தாய்லாந்து இதைத் தன் தேசிய நீர்வாழ் விலங்காக அறிவித்தது. நம் ஏரி குளங்களில் இதற்கு ஒரு பங்காளி உண்டு: பனையேறிக் கெண்டை. 1791-ல் தரங்கம்பாடியில் ஒரு பனைமரத்துப் பிளவில் அந்த மீனைப் பிடித்ததாக டால்டார்ஃப் என்ற டேனிஷ் படை அதிகாரி எழுதிவைத்தார். மரமேறிய கதையை நம்புவதும் விடுவதும் அவரவர் விருப்பம். தண்ணீருக்கு வெளியே அது உயிரோடு தாக்குப்பிடிப்பது மெய். செவுளுக்கு மேலே, தலைக்குள், மடிப்பு மடிப்பாக ரத்தக்குழாய் ஓடும் ஓர் அறை இருக்கிறது. அதில் காற்றை நிறுத்தி ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். லாபிரிந்த் உறுப்பு என்பது அதன் பெயர். ஃபைட்டருக்கும் இதே அமைப்புதான்.

டம்ளர் வியாபாரத்துக்கு ஆதாரமாகக் காட்டப்படுவதும் இந்த உறுப்புதான். காற்றைச் சுவாசிக்கும் மீனுக்குத் தண்ணீர் எதற்கு என்று கேட்கிறார்கள். மூச்சுக்கு வேண்டுமானால் அது சரி. ஆனால் மீனின் கழிவு அம்மோனியா. அதில் பெரும்பங்கு செவுள் வழியாகவே வெளியேறும். அரை லிட்டர் தண்ணீரில் அது சேர்ந்துகொண்டே போய், அதே செவுளை அரிக்கும். போர்வெல் தண்ணீர் போலக் காரத்தன்மை கூடிய தண்ணீரில் அம்மோனியாவின் நச்சு இன்னும் கடுமை. மேலே வந்து காற்றுக் குடித்துக்கொண்டே மீன் கீழே வெந்துகொண்டிருக்கும். மற்ற மீன் ஒரு நாளில் செத்துக் காட்டிக்கொடுத்துவிடும். இது தாக்குப்பிடிப்பதால் வாங்கியவருக்குத் தப்பு தெரிவதில்லை.

நீளம் 40, அகலம் 25, உயரம் 25 சென்டிமீட்டர் தொட்டி ஒன்று போதும். 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிரப்பினால் 20 லிட்டர். மேலே விட்ட 5 சென்டிமீட்டர் காற்றுக்கு. மூடியும் கட்டாயம் வேண்டும், இது தாவும் மீன். வெப்பம் 25 முதல் 28 டிகிரி. சென்னைக்கு ஹீட்டர் தேவைப்படாது. ஊட்டி, கொடைக்கானல் வீடுகளில் இல்லாமல் முடியாது. வாரம் ஒருமுறை கால்பங்குத் தண்ணீரை மாற்றினால் போதும். முழுத் தண்ணீரையும் கொட்டிக் கல்லையும் ஃபில்டரையும் குழாயடியில் தேய்த்துக் கழுவுவது சுத்தம்போலத் தோன்றும். அம்மோனியாவைத் தின்று தீர்க்கும் பாக்டீரியா குடியிருப்பது அந்தக் கல்லிலும் ஸ்பாஞ்சிலும்தான். அதையும் சேர்த்துக் கழுவிவிட்டால் மறுநாளே தண்ணீர் கெடும். ஸ்பாஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே இரண்டு முறை பிழிந்து மாட்டுங்கள். குழாய்த் தண்ணீரின் குளோரினுக்கு ஆன்டி குளோரின் சொட்டு விடலாம், அல்லது வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைக்கலாம். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமைன் கலந்த தண்ணீருக்கு இரண்டாவது வழி உதவாது.

இனிப் பார்க்கும் வேலைக்கு வரலாம். முதலில் மூச்சு. காலையில் தீனி போடுவதற்கு முன் பத்து நிமிடம் தொட்டியிலிருந்து ஓர் அடி தள்ளி அசையாமல் உட்காருங்கள். மீன் மெல்ல மேலேறும், வாயை மேற்பரப்பில் வைத்து ஒரு மிடறு எடுக்கும், உடனே திரும்பி இறங்கும். இறங்கும்போது செவுள் மூடியின் ஓரத்தில் பழைய காற்று ஓரிரு குமிழாகக் கழன்று வரும். பத்து நிமிடத்தில் எத்தனை மிடறு என்று மூன்று நாள் ஒரே நேரத்தில் எண்ணிக் குறித்தால் அந்த மீனின் சொந்தக் கணக்கு கிடைத்துவிடும். பிறகு ஒருநாள் அது இரட்டித்தால் காரணம் தேட வேண்டும். தண்ணீர் சூடாகியிருக்கலாம்: 25 டிகிரியில் ஒரு லிட்டரில் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும், 30 டிகிரியில் சுமார் 7.5 தான். அம்மோனியா செவுளைத் தொட்டிருக்கலாம். அல்லது சற்றுமுன் யாராவது கண்ணாடி காட்டியிருக்கலாம். சிலிர்த்த மீனுக்கு மூச்சு அதிகம் வேண்டும்.

அந்தக் கண்ணாடி விஷயம். சண்டைக்கு நிற்கும் சேவல் பிடரி மயிரைச் சிலிர்க்குமே, அதே வேலைதான் இது. எதிரியை நேருக்கு நேர் பார்க்கும்போது இரு செவுள் மூடிகளும் விரியும், அடியிலுள்ள சவ்வு தாடிபோல இறங்கும், நிறம் கறுக்கும். பக்கவாட்டில் திரும்பினால் துடுப்புகள் முழுக்க விரிந்து, வாலால் தண்ணீரை அடிக்கும். அந்த அடி வெறும் காட்சி அல்ல, தண்ணீர் வழியாக எதிரியின் உடம்பில் போய்ப் படும். நிஜச் சண்டையில் ஒரு கட்டத்தில் ஒருவன் துடுப்பை மடக்கி, நிறம் வெளுத்து விலகிவிடுவான், மற்றவன் அடங்குவான். கண்ணாடியில் இருப்பவனோ விலகவே மாட்டான். இவன் எவ்வளவு விரிக்கிறானோ அவனும் அவ்வளவு விரிப்பான். அதனால் சண்டைக்கு முடிவே கிடையாது. மணிக்கணக்கில் கண்ணாடி வைத்தால் மீன் களைத்துப்போகும், தீனி எடுக்காது, சில மீன்கள் தங்கள் வாலையே கடித்துக்கொள்ளும். கிழிந்த துடுப்பில் அழுகல் நோய் ஏறும். கண்ணாடி காட்டியே ஆக வேண்டுமென்றால் நாளைக்கு ஒருமுறை, கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிடம், அதற்குமேல் வேண்டாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கண்ணாடியில் உருவம் தெரிவதையே கூலியாகக் கொடுத்தால் ஃபைட்டர் அதற்காக ஒரு வேலையைக் கற்றுக்கொண்டு திரும்பத் திரும்பச் செய்யும் என்று டிராவிஸ் தாம்ப்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1963-ல் காட்டினார். "அப்படியென்றால் அதற்குப் பிடித்திருக்கிறதே" என்று கேட்கலாம். வம்புச் சண்டையைத் தேடிப் போகிறவனுக்கும் அது பிடித்துத்தான் இருக்கிறது. அதற்காக வீட்டில் நாள் முழுக்க ஏற்பாடு செய்து கொடுப்பதில்லை.

கண்ணாடியே வைக்காத வீட்டிலும் மாலையானால் மீன் வெறும் சுவரைப் பார்த்துச் சிலிர்ப்பதுண்டு. அறை விளக்கை அணைத்துவிட்டுத் தொட்டி விளக்கை மட்டும் எரியவிட்டால், உள்ளிருந்து பார்க்கும் மீனுக்குத் தொட்டியின் நான்கு சுவரும் முகம் பார்க்கும் கண்ணாடிதான். இரவில் ரயில் ஜன்னலில் நம் முகம் தெரியுமே, அதுபோல. அறை விளக்கையும் போடுங்கள், பின்பக்கமும் இரு பக்கமும் வெளியே நிறத்தாள் ஒட்டுங்கள்; நின்றுவிடும்.

கடையில் பாட்டில்களுக்கு நடுவே அட்டை செருகியிருப்பதும் இதற்காகத்தான். வாங்கும்போது அந்த அட்டையைச் சில நொடி எடுக்கச் சொல்லுங்கள். இரு செவுளும் சமமாக விரிந்து, துடுப்பு பிசிறில்லாமல் திறந்தால் நல்ல மீன். துடுப்பை ஒட்டிவைத்துக்கொண்டு அடியில் கிடந்தால் விட்டுவிடுங்கள். பார்த்ததும் அட்டையைத் திரும்பச் செருகிவிட வேண்டும். பக்கத்துப் பாட்டில் சண்டையை வேடிக்கை பார்க்கும் ஃபைட்டர், யார் ஜெயித்தான் யார் தோற்றான் என்று மனதில் வைத்துக்கொண்டு, ஜெயித்தவனை அணுகத் தயங்குகிறது என்று 1998-ல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. வேடிக்கை பார்ப்பதிலும் அதற்குக் கணக்கு இருக்கிறது.

கண் கூர்மையானது, நிறம் பிரிக்கும். இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரே அளவுள்ள சிவப்பு, நீலப் பொத்தான்களை இரண்டு ஐஸ் குச்சிகளின் நுனியில் ஒட்டி, தொட்டிக்கு வெளியே ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியில் காட்டுங்கள். நீலத்துக்கு நேர் மேலே மட்டும் ஒரு பெல்லட் (உருண்டைத் தீனி) விழட்டும். நாளைக்கு நான்கு முறை, பத்து நாள். இடமா வலமா என்பதை ஒவ்வொரு முறையும் நாணயத்தைச் சுண்டி முடிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் மீன் நிறத்தை விட்டு இடத்தைக் கற்றுக்கொள்ளும். பிறகு தீனி இல்லாமல் பொத்தானை மட்டும் பத்து முறை, சில நாள்களாகப் பிரித்துக் காட்டி, முதலில் எதனிடம் போகிறது என்று குறியுங்கள். ஐந்து சரி என்றால் ஒன்றும் கற்கவில்லை. ஒன்பது என்றால் கற்றிருக்கிறது. பெரும்பாலும் கெடுவது இரண்டு இடத்தில். தீனி போடும் கை நீலத்தின் பக்கம் முன்கூட்டியே நகர்ந்துவிடும், மீன் கையைப் பார்த்துவிடும். இன்னொன்று, நிறத்தை விட்டு வெளுப்பு, கறுப்பை வைத்துப் பிரிக்கலாம். அதனால் வெளிர் நீலம், அடர் நீலம் இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்ட வேண்டும்.

இமை கிடையாது, கண்ணின் பாப்பா சுருங்கி ஒளியை அடக்குவதும் இல்லை. இருட்டில் தொட்டி விளக்கைச் சட்டென்று போட்டால் மீன் சுவரில் மோதும். முதலில் அறை விளக்கு, கால்மணி நேரம் கழித்துத் தொட்டி விளக்கு. பத்து, பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பின் அணைத்துவிட வேண்டும். இரவில் நிறம் வெளுத்து இலைமேல் சாய்ந்து கிடப்பது தூக்கம். செத்ததாக நினைத்து வெளியே எடுத்துப் போட்டுவிடாதீர்கள்.

காது வெளியே தெரியாது. ஆனால் சொன்னோமே, தலைக்குள் காற்று அறை, அது உள்காதை ஒட்டியே இருக்கிறது. ஒலி பட்டால் காற்று அதிர்ந்து காதுக்கு எடுத்துக்கொடுக்கும். இதே குடும்ப வகையான கௌராமியில் அந்தக் காற்றை எடுத்துவிட்டுச் சோதித்தபோது கேள்திறன் குறைந்தது. போதாததற்கு உடலின் பக்கவாட்டிலும் தலையிலும் நீரின் சிறு அசைவையும் உணரும் புலன் செல்கள் வரிசையாக உண்டு. இப்படிப்பட்ட மீன் இருக்கும் கண்ணாடியை விரலால் தட்டினால் அதற்கு எப்படியிருக்கும்? மிக்ஸி ஓடும் மேடையிலும், ஸ்பீக்கர் வைத்த அலமாரியிலும் தொட்டி வேண்டாம். தனி ஸ்டாண்டு, அடியில் ஒரு தெர்மோகோல் அட்டை. ஃபில்டரின் காற்றையும் குறைத்து வையுங்கள். ஹாஃப்மூன், க்ரௌன்டெயில் போன்ற நீள்வால் வகைகளால் ஓட்டத்தை எதிர்த்து நீந்த முடியாது. மீன் எப்போதும் ஒரே மூலையில் ஒதுங்கி நின்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது ஃபில்டரை.

மூக்குத் துளைகள் மோப்பத்துக்கு மட்டும், மூச்சுக்கு அல்ல. சோப்பு, லோஷன் வாசம் போகாத கையைத் தண்ணீரில் விடாதீர்கள். அதைவிட முக்கியம் கொசுவத்தியும் கொசு விரட்டித் திரவமும் கரப்பான் ஸ்பிரேயும். இவற்றிலுள்ள பைரித்ராய்டு வகை மருந்துகள் மீனுக்குக் கொடிய நஞ்சு. நீர்ப்பரப்பில் படிவதும் அந்தப் பரப்பிலேயே வாய் வைத்துக் காற்றெடுப்பதும் சேர்ந்தால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தொட்டி இருக்கும் அறையில் கொசு வலை கட்டுங்கள்.

மேற்பரப்பில் நுரைக்கூடு கட்டினால் மீன் மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொல்வார்கள். ஆண் மீன் வயதுக்கு வந்ததைத்தான் அது காட்டும். கெட்ட தண்ணீரிலும் கட்டும். கூட்டுக்குப் பிடிமானமாகத் தெருவோர நாட்டு வாதாம் மரத்தின் உதிர்ந்த, நன்கு காய்ந்த இலையைக் கழுவி ஒன்று மிதக்கவிடலாம். தண்ணீர் தேநீர் நிறமாவதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

கடைசியாக, விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்களுக்கு. மூன்று நாலு நாள் தீனி இல்லாவிட்டாலும் நன்றாக வளர்ந்த ஃபைட்டருக்கு ஒன்றும் ஆகாது. நாளைக்கு அதற்குத் தேவை ஒரு மில்லிமீட்டர் பெல்லட் நான்கு முதல் ஆறுதான். பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போனால் அன்போடு ஒரு ஸ்பூன் கொட்டிவிடுவார்கள். தின்னாமல் அழுகும் தீனியில் தண்ணீர் கெட்டு, திரும்பி வரும்போது மீன் இருக்காது. நாள் கூடினால் ஒரு நாளைக்கு ஐந்து வீதம் காகிதத்தில் தனித்தனியாக மடித்துக் கொடுங்கள், டப்பாவைக் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
வண்ண மீன் வளர்ப்போர் சிலர்,
கொளத்தூர், சென்னை.