மஞ்சள் தாவணியும் 250 ரூபாய்க் கேபிளும்

அன்புள்ள மதினிக்கு,

அண்ணனுக்கு முட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போன மாதம் பாளையங்கோட்டையில், உங்கள் வீட்டுக் கூடத்தில் நாம் வாக்குவாதம் செய்தது இன்னும் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. தொலைக்காட்சியைப் போல மலிவான பொழுதுபோக்கு வேறில்லை என்றீர்கள் நீங்கள்; அதில் வரும் தொடர்கள் நம்மைச் செலவுக்கு இழுக்கின்றன என்றேன் நான். நேரில் பேசினால் என் குரல் உயர்ந்துவிடுகிறது, அதனால் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கும்படி எழுத நீங்கள் சம்மதித்தது உங்கள் பெருந்தன்மை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நீங்கள் போட்ட கணக்கில் பிழையே இல்லை. கேபிளுக்கு மாதம் 250 ரூபாய். நாளுக்கு எட்டு ரூபாய் சொச்சம். முக்குக் கடையில் ஒரு டீ அதைவிட அதிகம். நான்கு பேர் தியேட்டருக்குப் போய்வந்தால் டிக்கெட், வண்டி நிறுத்தம், இடைவேளைத் தின்பண்டம் என்று இரண்டு மூன்று மாதக் கேபிள் பணம் ஒரே மாலையில் போய்விடும். உங்கள் எதிர்வீட்டு ஆச்சியை நான் மறக்கவில்லை. 2006-இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் கிடைத்த அந்தச் சின்னப் பெட்டிதான் பல வருடம் அவருக்குப் பேச்சுத்துணை. இன்றும் தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் வைத்துக்கொண்டால் மாதக் கட்டணம் என்று ஒன்று கிடையாது. தனியாக இருக்கும் ஒரு வயதானவருக்கு இவ்வளவு குறைந்த செலவில் இப்படி ஒரு துணை வேறெங்கும் கிடைக்காது. இதை நான் மனப்பூர்வமாக ஒப்புக்கொள்கிறேன்.

விளம்பரம் வந்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன், அது என்னை ஒன்றும் செய்யாது என்றீர்கள். அதையும் நம்புகிறேன். சோப்பு விளம்பரத்தைப் பார்த்துச் சோப்பை மாற்றுகிற ஆள் நீங்கள் இல்லை. கேபிள் தொலைக்காட்சி விதிகளின்படி ஒரு மணி நேரத்தில் 12 நிமிடம்தான் விளம்பரம் போடலாம். அந்த 12 நிமிடத்தைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. மீதி 48 நிமிடம்தான் என்னைப் பயமுறுத்துகிறது.

நாம் சேர்ந்து தொடர் பார்த்த அந்தச் சாயங்காலத்தை நினைத்துப் பாருங்கள். தொடரில் கல்யாணத்துக்கு முந்தின நாள் ஹல்தி, அதாவது வடநாட்டு மஞ்சள் பூசும் சடங்கு, நடக்கிறது. பெண்ணைச் சுற்றி நிற்கிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி மஞ்சள் உடை. செவ்வந்திச் சரங்கள் தொங்கும் பந்தல், பித்தளை உருளி நிறையத் தண்ணீர், அதில் மிதக்கும் பூக்கள். கல்யாணத்துக்குக் காத்திருக்கும் உங்கள் மூத்த மகள், நம் பெரியவள், சட்டென்று எழுந்துபோய்த் தொலைக்காட்சித் திரையைக் கைபேசியில் படம் பிடித்தாள். படத்தில் குறுக்கே கோடு கோடாக விழுந்திருந்தது. அதனால் அந்தக் காட்சி திரும்ப வரும்வரை காத்திருந்து இன்னொரு தடவை எடுத்தாள். மறுநாள் காலை அந்தப் படம் மேடை அலங்காரம் செய்கிறவருக்கு வாட்ஸ்அப்பில் போயிருந்தது. மதியத்துக்குள் அவரிடமிருந்து மதிப்பீடும் வந்துவிட்டது, 45,000 ரூபாய். சொந்தக்காரப் பெண்கள் இருபது பேருக்கு மஞ்சள் தாவணியும் பாவாடையும் தலைக்கு 900 ரூபாய் என்று வைத்து 18,000. மொத்தம் 63,000 ரூபாய்.

அந்த அரை மணி நேரத்தில் மஞ்சள் தாவணிக்கு ஒரு விளம்பரம்கூட வரவில்லை, மதினி. யாரும் நம்மிடம் எதையும் வாங்கச் சொல்லவில்லை. கல்யாணம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று காட்டினார்கள், அவ்வளவுதான். அடுப்படிக்கு எழுந்துபோய் இதிலிருந்து தப்ப முடியாது. அது கதைக்குள் இருக்கிறது, கதையைத்தான் நாம் கண்கொட்டாமல் பார்க்கிறோம்.

தொடர்களும் விற்பனையும் ஒட்டிப் பிறந்தவை. 1930-களில் அமெரிக்க வானொலியில் குடும்பக் கதைகளைச் சோப்பு நிறுவனங்கள் பணம் கொடுத்து நடத்தின. ‘சோப் ஓபரா’ என்ற பெயரே அப்படி வந்ததுதான். நம் நாட்டில் 1984-இல் தூர்தர்ஷனில் வந்த ‘ஹம் லோக்’ குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றிச் சொல்லத் திட்டமிடப்பட்ட தொடர். அதற்கு விளம்பரதாரராக வந்தது அப்போது புதிதாக இறங்கியிருந்த மேகி நூடுல்ஸ். தொடரும் ஓடியது, நூடுல்ஸும் ஓடியது. அதன்பிறகு நிறுவனங்கள் தொடர்களைத் தேடி வரத் தொடங்கின.

கதை மனத்தை மாற்றாது என்றும் சொன்னீர்கள். மாற்றும். தமிழ்நாடு உட்பட ஐந்து பகுதிகளில், 2001 முதல் 2003 வரை சேகரித்த விவரங்களை வைத்து ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் ஓர் ஆய்வு செய்தார்கள். கிராமத்துக்குக் கேபிள் வந்த பிறகு, கணவன் அடிப்பதைச் சரி என்று சொல்லும் பெண்கள் குறைந்திருந்தார்கள். ஆண் குழந்தைதான் வேண்டும் என்ற பேச்சும் குறைந்திருந்தது. இதைப் படித்தபோது எனக்கு அத்தனை சந்தோஷம். நல்லதை உள்ளே கொண்டுவரும் அதே வாசல் வழியாகத்தான் மஞ்சள் பந்தலும் உள்ளே வருகிறது. அதனால்தான் பெட்டியை அணைத்துவிடுங்கள் என்று உங்களிடம் நான் சொல்லவே இல்லை.

63,000 ரூபாயை 250-ஆல் வகுத்துப் பார்த்தேன். 252 மாதம் வருகிறது, அதாவது 21 வருடக் கேபிள் கட்டணம். இந்தப் பணத்துக்கு உங்கள் இரட்டைவடச் சங்கிலியை அடகு வைக்கப்போவதாக அண்ணன் என்னிடம் தனியாகச் சொன்னார். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் கடன் வாங்கினால் நான் வாய் திறக்கமாட்டேன். ஊரைக் கூப்பிட்டுச் சோறு போடத்தான் வேண்டும். போன வருடம் வரை நம் வீட்டில் யாருமே கேள்விப்படாத ஒரு சடங்குக்காக அந்தச் சங்கிலி போவதைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

மஞ்சள் பூசும் சடங்கு நமக்குப் புதிதும் இல்லையே. உங்கள் நலுங்கின்போது நான் ஏழாம் வகுப்பு. மணைப்பலகையில் நீங்கள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தீர்கள். அரைத்த மஞ்சளும் சந்தனமும் இருந்த தாம்பாளத்தை நான்தான் பிடித்திருந்தேன். பூசியவர்கள் சிரித்துக்கொண்டே உங்கள் காதோரமெல்லாம் அப்பிவிட்டார்கள். அம்மா பாடினார், இரண்டாம் அடி மறந்துபோய் முதல் அடியையே திரும்பப் பாடினார். மஞ்சள் கிழங்கும் சந்தனமும் வெற்றிலை பாக்கும் வாங்கியதைத் தவிர அன்று வேறு செலவு இருந்ததாக எனக்கு நினைவில்லை. அன்று எடுத்த புகைப்படத்தில் உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்று பீரோவைத் திறந்து ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பெரியவளிடமும் காட்டுங்கள். அவள் ஆசைப்படுகிற பிள்ளை, பிடிவாதக்காரி இல்லை. அவளுக்கு இதை யாரும் காட்டவில்லை, தொடர்தான் முந்திக்கொண்டது.

அலங்காரக்காரருக்கு இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை என்று அண்ணன் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். அதுவரை கொடுக்காமல் இருங்கள். அம்மாவின் தாம்பாளம் என்னிடம்தான் இருக்கிறது. நேற்றே புளி போட்டுத் தேய்த்துத் துணியில் சுற்றி வைத்துவிட்டேன்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்