பதினைந்து நிமிடத்தில் எடை போட்டார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலைக்கு ஆள் எடுக்கும் இடங்களில் வைக்கப்படும் ஆளுமைத் தேர்வுகளைப் பாராட்டி, சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சிபாரிசும் சாதியும் பார்க்காமல் எல்லோரையும் ஒரே அளவுகோலால் அளக்கலாம் என்கிறார் கட்டுரையாளர். நோக்கம் நல்லதுதான். ஆனால் அந்த அளவுகோல் எங்கள் வீட்டுப் பிள்ளையை எப்படி அளந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

நான் பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் தமிழ் வழியில் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். என் தம்பி மகன் பத்தாவது வரை தமிழில் படித்தான், அப்புறம் டிப்ளமோ முடித்தான். மலையாளம் பேசுவது அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வாசிக்கச் சொன்னால் மட்டும் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான். எங்கள் எல்லையோரத்துப் பிள்ளைகள் பலர் இப்படித்தான்.

போன வருடம் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலைக்குப் போனான். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து ஐம்பது வாக்கியங்களைக் காட்டியிருக்கிறார்கள். மேலே ஆங்கிலம், கீழே மலையாளம். ஒவ்வொன்றுக்கும் 'முற்றிலும் சரி' என்பதிலிருந்து 'முற்றிலும் தவறு' வரை ஒன்றைத் தொட வேண்டும். நேரம் பதினைந்து நிமிடம். வேலை கிடைக்கவில்லை. கேட்டபோது ஒரு தாளைக் கொடுத்திருக்கிறார்கள். கூட்டத்தில் ஒதுங்கி நிற்பவர், ஆட்களை நடத்தும் பொறுப்புக்கு ஏற்றவர் அல்லர் என்று அதில் இருந்தது.

நினைவில் இருந்த கேள்விகளைச் சொல்லச் சொன்னேன். ஒன்று, 'பார்ட்டியின் ஜீவன் நான்தான்' என்ற பொருளில் இருந்ததாம். "நான் எந்தப் பார்ட்டியிலும் இல்லையே அத்தை, அதான் முற்றிலும் தவறுன்னு போட்டேன்" என்றான். கேரளத்தில் பார்ட்டி என்றால் கட்சி. கொடி பிடிக்காத பையன் வேறு எதைத் தொடுவான்? ஆங்கில வினாப்பட்டியல்களில் பரவலாகப் புழங்கும் வாக்கியம் அது. விருந்து, விசேஷங்களில் எல்லோரையும் கலகலப்பாக வைத்திருப்பவர் என்பதுதான் பொருள். பொருள் பிடிபடாத இன்னும் பத்துப் பன்னிரண்டு கேள்விகளுக்கு நடுவில் இருந்த கட்டத்தைத் தொட்டுவிட்டு வந்திருக்கிறான்.

அந்தத் தாள் சொல்லும் ஆளை எங்கள் ஊருக்குத் தெரியாது. மூலத்தறைத் தடுப்பணையிலிருந்து கால்வாயில் தண்ணீர் விடும் நாட்களில் கடைமடைக்காரர்களுக்கும் மேல்மடைக்காரர்களுக்கும் வாய்த்தகராறு வராமல் இருக்காது. ஒரு ராத்திரி இரண்டு குடும்பங்கள் மண்வெட்டியோடு நின்றபோது, நடுவில் போய் நின்றவன் இவன்தான். சத்தமே போடவில்லை. யார் வயலுக்கு எத்தனை மணி நேரம் பாய்ந்திருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தான். டார்ச் வெளிச்சத்தில் அதை இரு தரப்புக்கும் படித்துக் காட்டினான். பெரியவர்கள் வாயடைத்து வீட்டுக்குப் போனார்கள்.

பி.எட். படித்த காலத்தில் உளவியல் எனக்கு ஒரு பாடம். இந்தச் சம்பவத்துக்குப் பிறகு மறுபடியும் தேடிப் படித்தேன். மனிதர் குணத்தை அறிய வினாப்பட்டியல் ஒன்றுதான் வழி என்று அந்தத் துறையே சொல்வதில்லை.

வினாப்பட்டியல் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1936-இல் ஆல்போர்ட், ஆட்பர்ட் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஆங்கில அகராதியை அலசி, மனிதரை வர்ணிக்கும் சுமார் 18,000 சொற்களைத் திரட்டினார்கள். மனிதரிடம் முக்கியமாகப் படுகிற குணத்துக்கெல்லாம் மொழியில் ஒரு சொல் இருக்கும் என்பது அவர்களின் அடிப்படை எண்ணம். பின்னால் வந்தவர்கள் அந்தச் சொற்களைச் சலித்துச் சலித்து, கலகலப்பு, இணக்கம், பொறுப்புணர்வு, மனத் தடுமாற்றம், புதியதை ஏற்கும் மனம் என்று ஐந்து கூறுகளில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இன்று பல தேர்வுகளுக்கு அந்த ஐந்துதான் அடிப்படை.

நல்ல உழைப்பு, மறுக்கவில்லை. ஆனால் அலசியது ஆங்கில அகராதியை. நம் வீட்டுப் பேச்சில் எத்தனை சொற்கள்! வெள்ளந்தி, அழுத்தக்காரன், ரோஷக்காரன், முசுடு, கறார், கமுக்கம். அழுத்தக்காரனை அந்த ஐந்தில் எதில் வைப்பது? மனதில் உள்ளதை வெளியே விடமாட்டான், ஆனால் பயந்தவன் அல்லன். ஒதுங்கியிருப்பதுபோலத் தெரிவான், ஆனால் ஒன்றையும் விட்டுக்கொடுக்க மாட்டான். என் தம்பி மகன் அந்த ரகம். அந்தத் தாளில் அவன் வெறும் ஒதுங்கியவனாகிவிட்டான். ஹாங்காங்கில் ஃபேனி சியூங் என்ற பேராசிரியரின் குழு சீன மக்களுக்கென்று தனி வினாப்பட்டியலை உருவாக்கியபோது, உறவு பேணும் பாங்கு தனி ஒரு கூறாகவே வந்தது. தமிழில் தொடங்கிச் சலித்தால் என்ன வரும் என்று பார்க்க எனக்கு உண்மையிலேயே ஆசை.

மனநல மருத்துவமனைக்கென்று உருவான பட்டியல்கள் வேறு. 1943-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்திலிருந்து வந்த வினாத்தொகுதி அப்படிப்பட்டது. 1989-இல் திருத்தப்பட்ட வடிவத்தில் 567 வாக்கியங்கள் இருக்கின்றன. பதில் சொல்பவர் தன்னை நல்லவராகக் காட்டிக்கொள்கிறாரா என்று பிடிக்கவும் அதில் வழி வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு வழி, படத்தைக் காட்டிப் பேச வைப்பது. சுவிட்சர்லாந்து மருத்துவர் ரோர்ஷாக் 1921-இல் வெளியிட்ட பத்து மைக்கறைப் படங்கள் பலருக்கும் தெரிந்திருக்கும். 1930-களில் ஹார்வர்டில் ஹென்றி மர்ரேயும் கிறிஸ்டியானா மோர்கனும் படம் பார்த்துக் கதை சொல்லும் முறையைக் கொண்டுவந்தார்கள். சொந்த மொழியில் சொந்தக் கதையைச் சொல்லலாம் என்பது இதில் எனக்குப் பிடித்தது. ஆனால் ஒரே கதையை இரண்டு பேர் இரண்டு விதமாகப் படிக்கும் ஆபத்து இதில் அதிகம் என்ற குறையும் நியாயமானதே.

மூன்றாவது, ஆளை நேரில் பார்ப்பது. என்னிடம் படித்த ஒருவன் ராணுவ அதிகாரி தேர்வுக்குப் பெங்களூருக்குப் போனான். ஐந்து நாள். படம் பார்த்துக் கதை எழுதுதல், 60 சொற்களைக் காட்டி ஒவ்வொன்றுக்கும் பதினைந்து வினாடி என்று மனதில் பட்டதை எழுதுதல், மைதானத்தில் கம்பும் கயிறும் பலகையும் வைத்துக் குழுவாகத் தடை தாண்டுதல், தனியாக நேர்காணல். உளவியலாளர் ஒருவர், குழு வேலைகளைப் பார்ப்பவர் ஒருவர், நேர்காணல் எடுப்பவர் ஒருவர். மூவரும் தனித்தனியாக மதிப்பிட்டு, கடைசி நாளில் சேர்ந்து உட்கார்ந்து முடிவெடுக்கிறார்கள். மனம், வாக்கு, செயல் மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்பதுதான் கணக்கு. அவன் தேர்வாகவில்லை. ஆனால் ஊர் திரும்பியதும் என்னிடம் சொன்னது இது: "கிடைக்கலை டீச்சர், ஆனா என்னைப் பார்த்தாங்க."

என் தம்பி மகனால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

1968-இல் வால்டர் மிஷல் என்ற உளவியலாளர், இப்படி அளந்த குணத்துக்கும் ஒரு குறிப்பிட்ட சூழலில் ஆள் நடந்துகொள்வதற்கும் உள்ள தொடர்பு (முழுத் தொடர்பு என்றால் 1) பெரும்பாலும் 0.30 அளவிலேயே நிற்கிறது என்று எடுத்துக்காட்டி, துறையில் பெரிய விவாதத்தைக் கிளப்பினார். ஏசி அறையில் பேச்சு வராதவன் வாய்க்கால் கரையில் வேறு ஆள். அந்த இரண்டு இடத்தையும் பார்க்காமல் ஒரு தாளில் எழுதிவிட முடியாது.

வேலை போனதைவிட என்னை வருத்தியது வேறு. பத்து நாள் கழித்து, "அந்தப் பேப்பர்ல இருக்கற மாதிரிதான் நானோ அத்தை?" என்று கேட்டான். அச்சில் வந்ததை மனிதர் எவ்வளவு எளிதாக நம்பிவிடுகிறார்கள் என்பதற்கு ஒரு பழைய பரிசோதனை உண்டு. 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் தன் மாணவர்கள் 39 பேருக்குத் தேர்வு வைத்து, 'இதுதான் உன் குணம்' என்று ஆளுக்கொரு தாள் கொடுத்தார். எல்லாத் தாளிலும் இருந்தது ஒரே வாசகம், ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது. தங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று மாணவர்கள் அதற்குக் கொடுத்த சராசரி மதிப்பெண் ஐந்துக்கு 4.26. இதை அவனுக்கு விளக்கிச் சொன்னேன். கேட்டுக்கொண்டான். முழுதாக நம்பினானா, தெரியவில்லை.

நிறுவனங்கள் தேர்வே வைக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. எல்லையோரத்தில் ஆள் எடுப்பவர்கள் தமிழிலும் கேள்வியைக் கொடுக்கட்டும். அதுவும் சொல்லுக்குச் சொல் மாற்றியதாக இல்லாமல், இங்கே உள்ளவர்களிடம் சோதித்துப் பார்த்ததாக இருக்கட்டும். வினாப்பட்டியலை மட்டும் வைத்து ஆளைத் தள்ளாமல், அரை நாள் வேலை கொடுத்துப் பார்க்கட்டும், தெரிந்தவர்கள் நாலு பேரிடம் விசாரிக்கட்டும். முடிவைத் தாளில் நீட்டுவதற்குப் பதில், விவரம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து விளக்கட்டும்.

அடுத்த மாதம் அவனுக்கு வேறு ஒரு இடத்தில் தேர்வு இருக்கிறது. பொருள் விளங்காத வாக்கியம் வந்தால் எழுந்து நின்று கேட்கச் சொல்லியிருக்கிறேன். அப்படிக் கேட்பதற்கு எந்தக் கட்டத்தில் மதிப்பெண் போடுவார்கள் என்று உளவியல் அறிந்த யாராவது தங்கள் இதழில் எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.

(தம்பி மகனின் நலன் கருதி என் பெயரை வெளியிட வேண்டாம்.)