டூயிஸ்பர்கிலிருந்து அப்பாவுக்கு

டூயிஸ்பர்க், ஜெர்மனி,
16.11.2025, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

செல்வி எழுதுவது. நான் நலம். நீங்கள், அம்மா, ஆச்சி, தம்பி எல்லோரும் நலமா?

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நம் பழைய இரும்புக்கடை பில் தாளின் பின்பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். நான் முதலில் முன்பக்கத்தைத்தான் படித்தேன். ‘தகரம் 42 கிலோ, கழிவு 2’ என்று எழுதி அடித்திருந்தது. அந்த எழுத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! ஆடிக்கு அப்புறம் நான் ஒரு வரி எழுதவில்லை. போனிலும் ‘வேலை இருக்கு’ என்று சீக்கிரம் வைத்துவிடுகிறேன். உங்களுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை என்று தெரிந்தும் எழுதாமல் இருந்தது என் தப்பு. இன்று ஞாயிறு, இங்கே கடைகள் திறக்காது. அதனால் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

குளிர் ஆரம்பித்துவிட்டது. ஐந்து மணிக்குள் இருட்டிவிடுகிறது. ஹீட்டரை ராத்திரி மட்டும் போடுகிறேன், பகலில் போட்டால் தலை வலிக்கிறது. சாப்பாட்டுக்குக் குறையில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். சோறு வடிக்கிறேன், டின் மீனில் புளி ஊற்றிக் குழம்பு வைக்கிறேன். மூன்று நாளைக்கு வரும்.

படிப்பு போக வாரத்தில் இரண்டு நாள் வேலைக்குப் போகிறேன் என்று சொன்னேன் இல்லையா, அது குப்பை பிரிக்கும் ஆலை. ஊரில் யாரும் கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள். இங்கே வீட்டுக்கு வீடு மஞ்சள் தொட்டி உண்டு. டின், பிளாஸ்டிக் டப்பா, மூடி எல்லாம் அதில் போடுவார்கள். லாரி அதை எங்கள் ஆலையில் கொட்டும். சல்லடை உருளையில் சலித்து பெல்ட்டில் ஏற்றியதும் மேலே ஒரு பெரிய காந்தம் தொங்கும். தகர டின் எல்லாம் டப் டப்பென்று அதில் போய் ஒட்டும். நீங்கள் பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டி மூட்டை மூட்டையாகச் சோதிப்பீர்களே, அதேதான். முதல் நாள் அதைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டேன்.

அலுமினியத்தை எடுப்பதுதான் அதிசயம். காந்தம் அதைப் பிடிக்காது. ஆனால் பெல்ட் முனையில் ஒரு காந்த உருளையை வெகு வேகமாகச் சுற்றவிடுகிறார்கள். அந்தச் சுழற்சியில் அலுமினியத்துக்குள்ளேயே மின்சாரம் கிளம்பி, அது உருளையை எதிர்த்துத் தள்ளப்படுகிறது. தவளை மாதிரி எகிறித் தனித் தொட்டியில் விழும். நீங்கள் தட்டிப் பார்த்துச் சத்தத்தில் சொல்வதை இது எகிறவைத்துச் சொல்கிறது. மிச்சம் மீதியைக் கையால் எடுக்க நாங்கள் ஆறு பேர் நிற்போம். கையுறை உண்டு, கவலைப்படாதீர்கள். பூனைத் தீனி டின்தான் எவ்வளவு வருகிறது, ஆச்சியிடம் சொன்னால் நம்பமாட்டார்கள்.

பீர் டின், கோலா டின் மட்டும் எங்கள் பெல்ட்டில் அதிகம் வராது. ஏனென்றால் அதற்குக் காசு உண்டு. கடையில் வாங்கும்போதே டின் ஒன்றுக்கு 25 சென்ட் சேர்த்து வாங்கிவிடுவார்கள், நம் கணக்கில் சுமார் 25 ரூபாய். காலி டின்னை எந்தக் கடையில் இருக்கும் இயந்திரத்தில் போட்டாலும் அந்தக் காசுக்குச் சீட்டு வரும். நசுக்காமல் போட வேண்டும், டின்மேல் அச்சடித்த பட்டைக் கோட்டைப் படிக்க முடியவில்லை என்றால் இயந்திரம் திருப்பித் தள்ளிவிடும். நீங்கள் சைக்கிளில் ‘பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்’ என்று கூவிக்கொண்டு போனதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஆனால் ஒரு வித்தியாசம். பேரீச்சம்பழம் நீங்கள் கொடுத்தது. இது வாங்கினவன் தானே முன்கூட்டிக் கட்டிய பணம். இந்த ஊர்ப் பாஷையில் இதற்கு ‘ஃபாண்ட்’ என்று பெயர். அப்படியென்றால் அடகு. நகைக்கடன் கடைக்கும் இதே சொல்தான். டின்னை மீட்டுக் கொடுத்தால்தான் நம் காசு நம்மிடம் வரும்.

ஸ்டேஷனில் வயதான ஒருவர் ராத்திரியில் சின்ன டார்ச் வைத்துக்கொண்டு குப்பைத் தொட்டிகளில் டின் தேடுவார். பென்ஷன் பற்றாதாம். காலி டின்னை உள்ளே போடாமல் தொட்டி ஓரமாக வைத்துவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். இப்படிப்பட்டவர் எடுக்கட்டும் என்றுதான். நடந்து வரும் வழியில் கிடப்பதை நானும் எடுத்துவிடுகிறேன். இரும்புக்கடை வீட்டில் வளர்ந்த கை, தாண்டிப் போக மனம் வரவில்லை. போன வாரம் 3 யூரோ 25 சென்டுக்குச் சீட்டு வந்தது, அரிசி வாங்கிக்கொண்டேன்.

கீழ்வீட்டுத் தாத்தாவைப் பற்றி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். இந்த ஊர் எஃகு ஆலையில் உலையடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மஞ்சள் தொட்டியைத் தினமும் திறந்து பார்ப்பார். ஒரு நாள் என் தயிர் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு மாடியேறி வந்துவிட்டார். அலுமினிய மூடியை முழுக்கக் கிழித்துத் தனியாகப் போட வேண்டுமாம். ஒட்டிக்கொண்டிருந்தால் இயந்திரம் டப்பாவையும் மூடியையும் பிரித்தறியாது. ஆலையில் நிற்கிற எனக்கே அது தோன்றவில்லை. போன மாதம் எனக்குச் சின்னச் சளி. மூன்று நாள் ஜன்னல் திறக்கவில்லை என்று கவனித்து சூப் கொண்டுவந்து வைத்தவரும் அவர்தான்.

பழைய கதையெல்லாம் அவர்தான் சொல்வார். 1991-லேயே இங்கே சட்டம் போட்டிருக்கிறார்கள். பொருளைப் பொதிந்து விற்கிறவன்தான் அந்தப் பொதியைத் திரும்ப எடுக்கும் செலவையும் ஏற்க வேண்டும். பான விற்பனையில் கழுவித் திரும்ப நிரப்பும் பாட்டிலின் பங்கு நூற்றுக்கு 72-க்குக் கீழே இறங்கினால் டின்னுக்கு அடகு வரும் என்று அப்போதே எழுதிவைத்தார்கள். இறங்கியது, 2003 ஜனவரி 1-இல் வந்துவிட்டது. பல கடைகளில் டின் அலமாரியே காலியாகிவிட்டதாம். ஜூஸ் டின்னுக்கு 2022-இல்தான் வந்தது.

இப்போது ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க இதைக் கொண்டுவருகிறார்கள். புதுச் சட்டம் இந்த பிப்ரவரியில் அமலுக்கு வந்தது, விதிகள் 2026 ஆகஸ்டு 12 முதல் பொருந்தும். 2029-க்குள் பான டின்களில் நூற்றுக்கு 90 தனியாகத் திரும்பி வர வேண்டும். 2026-லேயே 80 சேர்த்துக் காட்டும் நாட்டுக்கு மட்டும் அடகு முறையிலிருந்து விலக்குக் கேட்க வழி உண்டு. என்னோடு பெல்ட்டில் நிற்கும் போலந்து அக்கா, தங்கள் நாட்டில் போன மாதம் 1-ஆம் தேதிதான் டின்னுக்கு அடகு ஆரம்பித்தார்கள் என்றார். நீலகிரியில் 2022-இல் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் திருப்பிக் கொடுத்தபோது பட்டறை மாமா சிரித்தாரே, அவரிடம் இதைச் சொல்லுங்கள்.

உங்களுக்குப் பிடித்த சேதி ஒன்று வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் மறுசுழற்சிக் கணக்கில் ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு இடத்தில் எடை போட்டது. சேகரித்ததையே கணக்கில் காட்டியவர்களும் உண்டு. 2018-இல் ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தைத் திருத்தி, மண்ணும் ஈரமும் வேறு குப்பையும் கழித்து, உலைக்குள் போகிற எடையைத்தான் எழுத வேண்டும் என்றார்கள். அந்தக் கணக்கில் இந்த வருடம் இரும்புப் பொதியில் 70, அலுமினியத்தில் 50 சதவீதம் காட்ட வேண்டும், 2030-க்கு 80, 60. ஜெர்மனி தனக்குத்தானே இரண்டுக்கும் 90 என்று வைத்துக்கொண்டிருக்கிறது. வகுப்பில் இதை நடத்தியபோது எனக்கு உங்கள் ‘கழிவு 2’ தான் கண்முன் வந்தது. அலுமினியத்தை மண்ணிலிருந்து எடுக்க ஆகும் சக்தியில் 100-க்கு 5 பங்கு போதும், பழையதை உருக்க. இதற்கெல்லாம் சுழற்சிப் பொருளாதாரம் என்று பெயர். நீங்கள் முப்பது வருடமாகச் செய்வதற்கு ஒரு பெயரும் இல்லை, செலவுக்குப் பங்கு தருகிறவனும் இல்லை. அதுதான் எனக்கு வருத்தம்.

உங்கள் கடிதம் வந்த அன்று இங்கே மார்ட்டின் திருநாள். சாயங்காலம் பிள்ளைகள் கையில் காகித விளக்கு ஏந்திப் பாட்டுப் பாடிக்கொண்டு தெருவில் போனார்கள். அன்றைக்குத் தேங்காய்ப்பால் டின் உடைத்துச் சொதி வைத்திருந்தேன். அந்தக் காலி டின்னில் மண் போட்டு கொத்தமல்லி விதைத்து ஜன்னலில் வைத்திருக்கிறேன், நம் முற்றத்தில் எண்ணெய் டின்னில் மல்லிகை நிற்பதுபோல. தாத்தா பார்த்துவிட்டு, டின் மஞ்சள் தொட்டிக்குப் போக வேண்டும் என்றார். எங்கள் வீட்டில் டின் துருப்பிடித்து ஓட்டை விழுந்த அப்புறம்தான் அப்பாவின் தராசுக்குப் போகும் என்றேன். மறுநாள் இன்னொரு காலி டின்னைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தார். விளக்குகள் தெருமுனை திரும்பிய அப்புறம் ரொம்ப நேரம் அந்த ஜன்னலிலேயே நின்றேன். டிசம்பர் 3 கார்த்திகைக்கு ஆச்சி வாசலில் அகல் வைக்கும்போது என் பேருக்கும் ஒன்று வைக்கச் சொல்லுங்கள் அப்பா.

சரி, கடை விஷயம். தம்பி இடத்தைப் போன் கடைக்கு விடலாம் என்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். அவன் மேல் கோபப்படாதீர்கள், அவனுக்குக் கல்யாணம் ஆகப்போகிறது, நிலையான வாடகை வரும் என்று நினைக்கிறான். ஆனால் நான் வரும்வரை எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். முன்பணம் வாங்கவே வேண்டாம். பத்திரத்தின் நகலை லாரிக்கடை அண்ணாச்சியிடம் ஒருமுறை படிக்கக் கொடுங்கள். பின்பக்க ஷெட்டையாவது நமக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள்.

அம்மாவின் இரட்டை வடச் சங்கிலிக்குத் தவணை தை மாதம் முடிகிறது, எனக்கு ஞாபகம் இருக்கிறது. இந்த மாதம் பணம் வரக் கொஞ்சம் தாமதமாகும், வங்கியில் ஏதோ தாள் கேட்கிறார்கள். நான் அனுப்பியதும் சங்கத்தில் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைத்துவிடுங்கள். மீட்பது என் பொறுப்பு. கண் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள், மாமாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போங்கள்.

தராசுக்கு இந்த வருட முத்திரை போட்டாகிவிட்டதா? இல்லையென்றால் தம்பியை இந்த வாரமே எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்,
செல்வி