கால்சியம் பாஸ்பேட் என்றால் எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் அண்மையில் வந்த, எலும்பில் உள்ள பள்ளத்தை நிரப்பும் செயற்கை எலும்புத் துகள்கள் பற்றிய கட்டுரை, கால்சியம் பாஸ்பேட் பீங்கான் உடலில் மெல்லக் கரைந்து அவ்விடத்தில் சொந்த எலும்பு வளர்ந்துவிடும் என்ற பொருளில் எழுதப்பட்டிருந்தது. இது பாதிதான் சரி. கால்சியம் பாஸ்பேட் என்பது தனியொரு பொருளின் பெயரன்று, ஒரு குடும்பப் பெயர். அக்குடும்பத்தில் சில மாதங்களிலேயே கரையத் தொடங்குவதும் உண்டு, பல ஆண்டுகள் கழித்து எக்ஸ்ரே எடுத்தாலும் வைத்தது வைத்தபடி தெரிவதும் உண்டு.

இக்குடும்பத்தின் முக்கிய உறுப்பினர்கள் இருவர். ஹைட்ராக்சி அபடைட்டில் (சுருக்கமாக அபடைட்) பத்துக் கால்சியம் அணுவுக்கு ஆறு பாஸ்பரஸ் அணு, அதாவது விகிதம் 1.67. பீட்டா ட்ரைகால்சியம் பாஸ்பேட்டில் மூன்றுக்கு இரண்டு, அதாவது 1.5. முன்னது 7.4 என்ற பி.எச். அளவுள்ள உடல் நீர்மத்தில் ஏறத்தாழக் கரைவதே இல்லை. எலும்பை அரிக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் அதன்மேல் ஒட்டி, தமக்கடியில் அமிலத்தைச் சுரந்தால்தான் அது சிறிது சிறிதாகத் தேயும். பின்னது அதைவிடப் பன்மடங்கு எளிதில் கரையும். விகிதம் மட்டுமே எல்லாவற்றையும் முடிவு செய்வதுமில்லை: பீட்டா வடிவத்தைச் சுமார் 1,125 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கினால் கிடைக்கும் ஆல்ஃபா வடிவத்துக்கும் வாய்பாடு அதுவேதான், ஆனால் படிக அமைப்பு வேறு, கரைதிறனோ இன்னும் அதிகம்.

அபடைட் தயாரிப்பின்போது இந்த விகிதம் சற்றுப் பிசகினாலும் சூளையில் விளைவு தெரிந்துவிடும். 1.67க்குக் கீழே இறங்கினால் அபடைட்டுடன் ட்ரைகால்சியம் பாஸ்பேட்டும் கலந்து உருவாகும். மேலே ஏறினால் கால்சியம் ஆக்சைடு, அதாவது நம் சுட்ட சுண்ணாம்பு, உள்ளே தங்கிவிடும். கிளிஞ்சல் சுண்ணாம்பில் நீர் ஊற்றி நீற்றியதைப் பார்த்தவர்களுக்கு, அது ஈரம் பட்டு உப்பும்போது பீங்கானின் உறுதி என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

அடுத்து, சிறிதளவே சேரும் பிற பொருள்கள். நம் எலும்பின் கனிமப் பகுதியே தூய அபடைட் அன்று. எடையில் சுமார் 4 முதல் 8 விழுக்காடு வரை கார்பனேட் கலந்தது, அதில் பெரும்பகுதி பாஸ்பேட்டின் இடத்தில் அமர்ந்து படிகத்தைக் குலைப்பதால்தான் அது எளிதில் கரைந்து புதுப்பிக்கப்படுகிறது. ஃபுளோரைடு இதற்கு நேர்மாறு, அபடைட்டின் கரைதலைக் குறைக்கும்; பற்பசையில் அதைச் சேர்ப்பதற்கும் இந்தக் கரையாமை ஒரு காரணம். மக்னீசியத்தின் போக்குதான் விந்தையானது: அபடைட்டில் புகுந்தால் படிக வளர்ச்சியைத் தடுத்துக் கரைதலைக் கூட்டுகிறது, பீட்டா ட்ரைகால்சியம் பாஸ்பேட்டில் புகுந்தாலோ படிகத்தை நிலைப்படுத்திக் கரைதலைக் குறைக்கிறது. ஆகவே 'மக்னீசியம் சேர்த்தது' என்று பெட்டியில் அச்சிடுவது தனித்து எதையும் உணர்த்தாது. துகளின் அளவு, நுண்துளைகள், சுட்ட வெப்பம் ஆகியவற்றுக்கும் பங்கு உண்டென்பதை மறுக்கவில்லை.

விரைவாகக் கரைவதே நல்லது என்றும் எண்ணிவிடக் கூடாது. புது எலும்பு வளரும் வேகத்தை முந்திக்கொண்டு பீங்கான் கரைந்தால் அங்கே பள்ளமே மிஞ்சும். இடுப்பு மூட்டின் உலோகத் தண்டின்மேல் பூசும் அபடைட் பூச்சு நெடுநாள் நிற்க வேண்டும்; ஆனால் பிளாஸ்மா (மின்னூட்டமடைந்த மிகு வெப்ப வாயு) சுடரில் தெளிக்கும்போது அதன் ஒரு பகுதி சிதைந்து எளிதில் கரையும் பொருளாக மாறிவிடுவதால், தெளித்தபின் எவ்வளவு படிகமாக எஞ்சியுள்ளது என்று அளக்கிறார்கள். அபடைட்டையும் பீட்டா ட்ரைகால்சியம் பாஸ்பேட்டையும் 60க்கு 40 போன்ற அளவில் கலந்த துகள்கள் விற்பனைக்கு வருவதும் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வேகத்தைப் பெறுவதற்கே.

சென்ற ஆண்டு என் மைத்துனரின் கீழ்த்தாடையில், பல் பதிப்பதற்கு முன்பு, இத்தகைய துகள் நிரப்பப்பட்டது. நாங்கள் கேட்டு வாங்கிப் பார்த்த உறையில் 'கால்சியம் பாஸ்பேட்' என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. எந்தப் பொருள் எத்தனை விழுக்காடு என்பதை எக்ஸ்ரே விளிம்பு விளைவுச் சோதனையால், அதாவது படிகத்தில் பட்டுச் சிதறும் எக்ஸ்ரே கதிர்களைக் கொண்டு பொருளை இனங்காணும் முறையால், அறியலாம். தயாரிப்பாளரிடம் அந்த எண் இருக்கும். அதை உறையில் அச்சிடச் செய்யுமாறு உரியவர்களைத் தங்கள் நாளிதழ் வலியுறுத்த வேண்டும் என்றும், அக்கட்டுரைக்கு ஒரு திருத்தக் குறிப்பு வெளியிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர்,
தஞ்சாவூர்.