சண்டை ஏன் தொடங்கியது என்று கேள்

அன்பு மகளுக்கு,

இன, மத வெறுப்பால் ஒருவரை அடித்ததாக, அதாவது வெறுப்புக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவனுக்காக நீ ஆஜராகப் போவதாக அம்மா சொன்னாள். "நம்மைப் போன்ற ஒருத்தனை அடித்தவனுக்கு இவள் ஏன் வாதாட வேண்டும்?" என்று சித்தப்பா குதிக்கிறாராம். அவருக்குப் பதில் சொல்வது என் பாடு. நீ வழக்கைப் பார்.

அமெரிக்கச் சட்டத்தில் நீதான் கெட்டிக்காரி. ஆனாலும் ஓய்வுபெற்ற கிரிமினல் வக்கீலுக்குக் கை சும்மா இருக்குமா? அப்ரெண்டி தீர்ப்பை எடுத்துப் படித்தேன். நியூ ஜெர்சியில் ஒரு கறுப்பினக் குடும்பத்தின் வீட்டை நோக்கிச் சுட்டவன் அவன். இனவெறியால்தான் சுட்டான் என்பதற்குப் போலீஸிடம் அவன் கொடுத்த வாக்குமூலம் இருந்தது. பிறகு அதை மறுத்துவிட்டான். ஒப்புக்கொண்ட குற்றத்துக்கு அதிகபட்சம் 10 ஆண்டு. நோக்கம் இனவெறிதான் என்று நீதிபதியே முடிவுசெய்து 12 ஆண்டு கொடுத்தார். 2000-இல் உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், அது செல்லாது என்றது. தண்டனையை உச்சவரம்புக்கு மேல் கூட்டும் நோக்கத்தைப் பொதுமக்களில் இருந்து தேர்ந்தெடுத்த நடுவர் குழுவான ஜூரி முன் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபித்தாக வேண்டும். எவ்வளவு கசப்பான ஆளுக்குக் கிடைத்த பாதுகாப்பு, பார்!

ஆகவே அடித்தானா என்பது ஒரு கேள்வி, ஏன் அடித்தான் என்பது வேறு கேள்வி. இரண்டையும் குழப்ப அரசுத் தரப்பு முயலும், விடாதே. உன் கட்சிக்காரன் சொன்னதாகச் சாட்டும் வசைச்சொல் சண்டைக்கு முன்பே வந்ததா, நடுவில் கோபத்தில் வந்ததா? சண்டை தொடங்கியதே வேறு தகராறிலா? யார் கேட்டார்கள், எவ்வளவு தூரத்திலிருந்து?

பேச்சுரிமை என்று மட்டும் கிளம்பிவிடாதே. 1993-இல் விஸ்கான்சின் வழக்கில், நோக்கத்தைக் காட்ட ஒருவனின் பேச்சையே சாட்சியமாக வைக்கலாம் என்று அதே உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். அங்கே குற்றவாளி கறுப்பினத்தவன், அடிபட்டவன் வெள்ளைப் பையன். சித்தப்பாவிடம் இதையும் சொல்லப் போகிறேன்.

அடிபட்டவரைக் குறுக்கு விசாரணை செய்யும்போது அவர் பிறப்பையோ மதத்தையோ தொடாதே. அது கேவலம், ஜூரியும் முகம் சுளிக்கும்.

அப்புறம், கட்சிக்காரனிடம் இன்றே கண்டிப்பாகச் சொல்: போனில் உள்ள பழைய பதிவு எதையும் அழிக்கக் கூடாது. பயத்தில் அழித்தால் தடயத்தை மறைத்ததாக இன்னொரு வழக்கு வரும். போலீஸ் கூப்பிட்டால் நீ இல்லாமல் வாய் திறக்கவும் கூடாது.

அன்புடன்,
அப்பா