நடுவயசுக் கதைய மூணு நாள் வசூல வச்சு எடை போடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன திங்கட்கிழமை உங்க சினிமா பக்கத்துல வந்த வசூல் கட்டுரைய படிச்சேன். நாப்பது அம்பது வயசுக்காரங்கள வச்சு எடுக்கற சின்ன பட்ஜெட் காமெடிக்கெல்லாம் இனிமே தியேட்டர்ல ஆள் வராது, நேரா ஓடிடிக்கு குடுத்துட்டு அடுத்த வேலைய பாக்கறதுதான் புத்திசாலித்தனம்னு அதுல எழுதியிருந்தாங்க. அதுக்கு ஆதாரம்னு காட்டுனது ஒரே ஒரு படத்தோட வெள்ளி, சனி, ஞாயிறு வசூல். படிச்சதுல இருந்து மனசு ஆறவே இல்ல. நானும் அந்த வயசுக்காரிதான், ஸ்கூல்ல டீச்சரா இருக்கேன், தியேட்டர்ல போய் படம் பாக்கறது எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம். எங்க வயசுக்காரங்க படத்துக்கு வர மாட்டாங்கன்னு இல்ல, முதல் மூணு நாள்ல வர மாட்டாங்க, அவ்வளவுதான். இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்துலதான் ஒரு படம் பொழைக்கறதும் சாகறதும் இருக்கு.

சும்மா சொல்லல, கணக்கோடயே சொல்றேன். அமெரிக்காவுல 2004ல சைட்வேஸ்னு ஒரு படம் வந்துச்சு, அலெக்ஸாண்டர் பெய்ன் டைரக்ட் பண்ணது. மைல்ஸ்னு ஒரு ஸ்கூல் வாத்தியார், டைவர்ஸ் ஆனவர், எழுதி முடிச்ச நாவல போட பப்ளிஷர் யாரும் கிடைக்கல. அவரோட காலேஜ் ஃப்ரெண்ட் ஜாக், ஒரு காலத்துல டிவி சீரியல்ல நடிச்சு இப்ப விளம்பரத்துக்கு குரல் குடுத்துட்டு இருக்கறவர், அடுத்த வாரம் அவருக்கு கல்யாணம். கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு பேரும் கார் எடுத்துட்டு கலிபோர்னியாவுல திராட்சைத் தோட்டங்க இருக்கற சாண்டா இனெஸ் பக்கம் ஒரு வாரம் சுத்தப் போறாங்க. கதை அவ்வளவுதான். சண்டை இல்ல, துரத்தல் இல்ல (ஒரு கோபக்கார புருஷன் உடம்புல பொட்டுத்துணி இல்லாம கார துரத்திட்டு ஓடி வர்றத கணக்குல சேக்கலன்னா).

அந்த வாத்தியார் வழியில அம்மாவ பாக்கப் போறாரு, அம்மாவுக்கு பொறந்தநாள், கையில பூவெல்லாம் வாங்கிட்டுத்தான் போறாரு, ஆனா போன கொஞ்ச நேரத்துலயே மெதுவா அம்மா ரூமுக்குள்ள போயி அவங்க ஒளிச்சு வச்சிருக்கற காசுல இருந்து கொஞ்சத்த எடுத்துக்கறாரு. சிரிப்பு வருது, அடுத்த நொடியே தொண்டை அடைக்குது. அதே மாதிரி இன்னொன்னு. கல்யாணமாகி பத்தாவது வருஷத்துக்கு திறக்கலாம்னு 1961ஆம் வருஷத்து ஒயின் பாட்டில் ஒன்ன பத்திரமா வச்சிருந்தவரு, பழைய மனைவி வேற கல்யாணம் பண்ணி இப்ப கர்ப்பமா இருக்காங்கன்னு தெரிஞ்ச பிறகு, ஒரு பர்கர் கடையில தனியா உக்காந்து, அந்த விலை உயர்ந்த ஒயின யூஸ் அண்ட் த்ரோ கப்புல ஊத்தி மறைச்சு மறைச்சு குடிக்கறாரு. இருவது வயசுல இந்த சீன பாத்தா, ஏன் இந்த ஆளு இப்படி பண்றாருன்னு தோணும். நாப்பத்தஞ்சுல பாத்தா யாரும் எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்ல.

இந்தப் படத்தோட பட்ஜெட் சுமார் 1.6 கோடி டாலர், ஹாலிவுட்ல இதெல்லாம் சின்னக் காசு. மைல்ஸா நடிச்சது பால் ஜியாமட்டி, ஜாக்கா நடிச்சது தாமஸ் ஹேடன் சர்ச், ரெண்டு பேருமே அன்னைக்கு முகத்த வச்சு டிக்கெட் விக்கற ஆளுங்க இல்ல. பெரிய ஸ்டார் ஜார்ஜ் க்ளூனி ஜாக் வேஷத்துக்கு ஆசைப்பட்டும் பெய்ன் வேண்டாம்னுட்டாரு, வாய்ப்பு போயி தோத்துப் போன நடிகரா க்ளூனிய யாரும் நம்ப மாட்டாங்கன்னு. படத்த வெளியிட்ட ஃபாக்ஸ் சர்ச்லைட் ஒரு பெரிய ஸ்டுடியோவோட கிளைக் கம்பெனிதான், அதனால இது இண்டிபெண்டண்ட் படமே இல்லன்னு சிலர் வாதம் பண்ணுவாங்க. அமெரிக்காவுல இண்டிபெண்டண்ட் படங்களுக்குன்னே குடுக்கற ஸ்பிரிட் விருதுல 6 இதுக்குத்தான் கிடைச்சுது, அந்த வாதத்த அதோட விட்டுடலாம்.

ரிலீஸ் ஆன தேதி 2004 அக்டோபர் 22. எத்தனை தியேட்டர்ல தெரியுமா? நாலே நாலு. நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் அவ்வளவுதான். முதல் மூணு நாள் வசூல் சுமார் 2 லட்சத்து 7 ஆயிரம் டாலர். அதே வெள்ளிக்கிழமை தி கிரட்ஜ்னு ஒரு பேய்ப்படம் 3,200க்கும் மேல தியேட்டர்ல இறங்கி 3.9 கோடி டாலர் அள்ளுச்சு. உங்க கட்டுரை எழுதுன முறையில எழுதுனா என்ன வந்திருக்கும்? பேய்ப்படம் சூப்பர் ஹிட், நடுவயசுப் படம் இருந்த இடம் தெரியலன்னு வந்திருக்கும். ஆனா தியேட்டருக்கு எவ்வளவுன்னு வகுத்துப் பாருங்க, பேய்ப்படத்துக்கு ஒரு தியேட்டருக்கு 12,000 டாலர் வந்துச்சு, இதுக்கு 51,000 டாலருக்கு மேல. நாலு மடங்குக்கும் அதிகம். அந்த நாலு தியேட்டர்லயும் கூட்டம் நெரிஞ்சிருக்கு, மொத்த வசூல் லிஸ்ட மட்டும் பாத்தா அது தெரியாது.

அதுக்கப்புறம் பண்ணதுதான் எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம். உடனே ஆயிரம் தியேட்டர்ல போய் கொட்டல. வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா கூட்டுனாங்க. ஆபீஸ்ல ஒருத்தர் பாத்துட்டு வந்து பக்கத்து சீட்டுக்காரர்கிட்ட சொல்லணும், அவரு வீட்ல சொல்லணும், பிள்ளைங்களுக்கு பரீட்சை முடியணும், அம்மாவுக்கு உடம்பு சரியாகணும், அப்புறம்தான் ரெண்டு பேரும் கிளம்பி தியேட்டருக்கு போக முடியும். எங்க வயசுக்காரங்க படம் பாக்கற வேகம் அதுதான், அந்த வேகத்துக்கு படம் காத்துட்டு இருந்துச்சு. 2005 ஜனவரி 16 கோல்டன் குளோப்ல சிறந்த காமெடிப் படம், சிறந்த திரைக்கதைன்னு ரெண்டு விருது, அடுத்த வாரம் ஆஸ்கார்ல 5 நாமினேஷன். ஜனவரி கடைசில தியேட்டர் எண்ணிக்கை 1,700 பக்கம் ஏறுச்சு, அந்த ஒரு வீக்கெண்டுல மட்டும் 60 லட்சம் டாலருக்கு மேல வசூல். ரிலீஸாகி பதினாலு வாரம் கழிச்சுங்க! மூணு நாள்ல மார்க் போடற ஊர்ல, மூணு மாசம் கழிச்சு ஒரு படம் உச்சத்துக்கு போறத கற்பனையாவது பண்ண முடியுமா? கடைசில அமெரிக்காவுலயே சுமார் 7.15 கோடி டாலர், உலகம் முழுக்க சேத்தா கிட்டத்தட்ட 11 கோடி டாலர். சிறந்த தழுவல் திரைக்கதைக்கான ஆஸ்கார் பெய்னுக்கும் அவரோட கூட்டாளி ஜிம் டெய்லருக்கும் கிடைச்சுது.

அது ஆஸ்கார் புண்ணியத்துல ஓடுன படம்னு சொல்றவங்களும் இருப்பாங்க. ஆஸ்கார் உதவுச்சு, இல்லன்னு சொல்லல. ஆனா நாமினேஷன் அறிவிக்கறதுக்கு முன்னாடியே டிக்கெட் வசூல் பட்ஜெட் தொகைய தாண்டியாச்சு. அதோட, விருது வர்ற வரைக்கும் படம் தியேட்டர்ல உயிரோட இருந்தாத்தான் அந்த விருதால டிக்கெட் விக்கும். நம்ம ஊர்ல நல்ல சின்னப் படத்துக்கு விருது அறிவிக்கறப்போ அது தியேட்டர விட்டுப் போயி வருஷக்கணக்காகியிருக்கும்.

இதே ஃபாக்ஸ் சர்ச்லைட் 1997ல வெளியிட்ட தி ஃபுல் மான்ட்டி இன்னும் பெரிய உதாரணம், வேலை போன ஷெஃபீல்டு இரும்பாலைக்காரங்க கதை, 35 லட்சம் டாலர்ல எடுத்து உலகம் முழுக்க 25 கோடி டாலருக்கு மேல. எல்லாப் படமும் இப்படி ஓடும்னு சொல்லல, 2013ல வந்த எனஃப் செட்ங்கற நடுவயசுக் காதல் காமெடி அமெரிக்காவுல 1.75 கோடி டாலரோட நின்னுருச்சு, ஆனா அதோட பட்ஜெட் 80 லட்சம்தான்.

சரி, அதெல்லாம் பழைய காலம், ஓடிடி வந்த பிறகு கதையே வேறன்னு கேப்பீங்க. வேறதான். அதையும் இதே ஆளுங்கள வச்சே பாக்கலாம். 2023ல அதே அலெக்ஸாண்டர் பெய்ன், அதே பால் ஜியாமட்டி, திரும்பவும் ஒரு கசந்து போன வாத்தியார் கதை, தி ஹோல்ட்ஓவர்ஸ். 1970 கிறிஸ்துமஸ் லீவுல, வீட்டுக்கு போக முடியாத ஒரு பையனோட ஹாஸ்டல்லயே தங்க வேண்டி வந்த வாத்தியார். வெளியிட்டது ஃபோகஸ் ஃபீச்சர்ஸ். அக்டோபர் 27 ஒரு சில தியேட்டர்ல மட்டும் ஆரம்பிச்சு, நவம்பர் 10 பெரிய அளவுல போட்டாங்க. ஆனா நவம்பர் 28க்கே வீட்ல காசு கட்டி பாக்கற வசதி வந்துருச்சு, டிசம்பர் 29 பீகாக் ஓடிடியில. கிறிஸ்துமஸ் படம், கிறிஸ்துமஸுக்கு ஒரு மாசம் இருக்கறப்பவே வீட்டு டிவிக்கு வந்தாச்சு! அமெரிக்க வசூல் 2 கோடி டாலர் சொச்சம். இதுக்கும் 5 ஆஸ்கார் நாமினேஷன், டேவைன் ஜாய் ராண்டால்ஃபுக்கு சிறந்த துணை நடிகை விருது கிடைச்சுது. ஆனா நாமினேஷன் வந்தப்போ பாக்கணும்னு நினைச்சவங்க ரிமோட்டத்தான் எடுத்திருப்பாங்க. சைட்வேஸுக்கு டிவிடி வந்தது 2005 ஏப்ரல்ல, அதாவது அஞ்சு மாசத்துக்கும் மேல தியேட்டருக்குன்னே விட்டு வச்சிருந்தாங்க. கோவிட்டுக்கு அப்புறம் பெரியவங்க தியேட்டர் பக்கம் வர்றது குறைஞ்சதும் ஒரு காரணம், அத நான் மறுக்கல. ஆனா 7.15 கோடிக்கும் 2 கோடிக்கும் இடையில இருக்கற பள்ளம் முழுக்க ரசிகர்களோட குத்தம்னு என்னால ஏத்துக்க முடியாது.

இப்ப நம்ம ஊருக்கு வர்றேன். இங்க தமிழ் படம் நாலு வாரத்துல ஓடிடிக்கு வந்துரும்னு எல்லாருக்கும் தெரியும், எட்டு வாரமாவது ஆகணும்னு தியேட்டர்காரங்க கேட்டுட்டே இருக்காங்க. அத விட பெரிய கொடுமை ஷோ டைம். நடுவயசு ஆளுங்க கதைன்னு ஒரு சின்னப் படம் வந்தா அதுக்கு குடுக்கறது காலை பத்தரை மணி ஷோ, இல்லன்னா மத்தியானம் ரெண்டு மணி. அந்த நேரத்துல நான் எட்டாங்கிளாஸ்ல நின்னுட்டு இருப்பேன், என் வீட்டுக்காரர் ஆபீஸ்ல இருப்பாரு. சனிக்கிழமையாவது போகலாம்னு பாத்தா அதுக்குள்ள சாயங்கால ஷோவ பெரிய படத்துக்கு மாத்தியிருப்பாங்க. சமீபத்துல அப்படி ஒரு படத்துக்கு எங்க ஊர் மல்டிப்ளெக்ஸ்ல நாங்க நாலு டீச்சருங்க சேந்து ஆன்லைன்ல டிக்கெட் போட்டோம், காசும் கட்டியாச்சு, கிளம்பி ஆட்டோல ஏறப் போற நேரத்துல ஷோ கேன்சல்னு மெசேஜ், ஆள் சேரலையாம். காசு திரும்ப வந்துச்சு, படம் போச்சு. அந்த ஷோ உங்க வசூல் கணக்குல எப்படி பதிவாகும்? யாருமே வரலன்னுதான் பதிவாகும். வர இருந்த நாலு பேர் அதுல எங்கயும் இல்ல.

தியேட்டர்காரங்களுக்கும் இதுல லாபம் இருக்கு. 2009ல ஹிந்தி தயாரிப்பாளர்கள் ரெண்டு மாசம் படத்த நிறுத்தி மல்டிப்ளெக்ஸ்களோட சண்டை போட்டாங்க இல்லையா, அப்ப முடிவான பங்கு என்ன? முதல் வாரம் தயாரிப்பாளர் பக்கத்துக்கு 50 சதவீதம், ரெண்டாவது வாரம் 42.5, மூணாவது 37.5, அதுக்கப்புறம் 30. அதாவது வாரம் ஏற ஏற டிக்கெட் காசுல தியேட்டருக்கு கிடைக்கற பங்கு ஏறுது. அப்படிப் பாத்தா மெதுவா நின்னு ஓடற படத்தத்தான் தியேட்டர்காரங்க தலையில தூக்கி வச்சு ஆடணும். ஆனா ரெண்டாவது திங்கட்கிழமைக்கு முன்னாடியே தூக்கிடறாங்க, தூக்கறதுக்கு அவங்க சொல்ற காரணம் பத்திரிகையிலயும் யூடியூப்லயும் வர்ற முதல் மூணு நாள் தீர்ப்பு.

அதனாலதான் உங்களுக்கு எழுதறேன், தியேட்டருக்கு எழுதல. உங்க வசூல் பகுதிய நிறுத்தச் சொல்லல, ஆனா அதுல இன்னும் ரெண்டு வரி சேருங்க. படம் எத்தனை ஸ்கிரீன்ல ஓடுச்சு, எந்த நேர ஷோ குடுத்தாங்க, ஒரு ஷோவுக்கு சராசரியா எத்தனை சீட் நிறைஞ்சுது, இத மொத்த தொகைக்கு பக்கத்துலயே போடுங்க. 20 ஸ்கிரீன்ல ஓடுன படத்தையும் 700 ஸ்கிரீன்ல ஓடுன படத்தையும் ஒரே லிஸ்ட்ல மேலயும் கீழயும் போட்டு ஹிட்டு, ஃப்ளாப்னு எழுதாதீங்க. சின்னப் படத்துக்கு ஃப்ளாப்ங்கற வார்த்தைய மூணாவது வாரம் முடியற வரைக்கும் யோசிச்சுப் போடுங்க. ரெண்டாவது வாரத்துல ஒரு படத்துக்கு கூட்டம் ஏறுச்சுன்னா அது நிஜமாவே செய்தி, அதுக்கு தனியா நாலு வரி குடுங்க, எங்கள மாதிரி ஆளுங்க அத படிச்சுட்டுத்தான் கிளம்புவோம்.

இன்னொரு விஷயம். உங்க பக்கத்துல வர்ற இன்றைய சினிமா பட்டியல்ல படத்து பேரும் தியேட்டர் பேரும் மட்டும்தான் இருக்கு, ஷோ நேரம் இல்ல. ஆப்ல பாக்கலாம்னு சொல்லுவீங்க, எங்க ஸ்டாஃப் ரூம்ல பாதிப் பேரு இன்னும் பேப்பரப் பாத்துத்தான் படத்துக்கு போறாங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல இருக்கற ஷோவ மட்டுமாவது போடுங்க.

இப்படிக்கு,
உங்க நீண்டநாள் வாசகி,
திருச்சி